கடன் கட்ட முடியாதபோது: வங்குரோத்து, வழக்கு, சட்டத்தரணி பற்றி மலையகத்தில் கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கடன் விடயமாக வருகிறவர்கள் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா ஒருநாள் வந்தார். நாலாக மடித்த கடதாசி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். மடிப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது. நீதிமன்ற அழைப்பாணை. ஐந்து வாரமாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். சிங்களத்தில் இருந்ததால் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லி லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரிடமும் கொடுக்க வெட்கம். நீதிமன்றத்துக்கு வரச்சொன்ன திகதி முந்தின வாரமே போய்விட்டிருந்தது. அவருடைய கதையின் மிச்சத்தைக் கீழே சொல்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே அந்தக் கடதாசிதான்.

வங்குரோத்து என்று எதைச் சொல்கிறார்கள்?

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு தனி மனிதர் வங்குரோத்தாவது வேறு விடயம். கையில் பணமில்லாமல் போவதோ, பத்துப் பேருக்குக் கடன்பட்டிருப்பதோ சட்டத்தின் கண்ணில் வங்குரோத்து ஆகாது. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, இவர் கடனை இறுக்க வகையற்றவர் என்று பிரகடனம் செய்தால்தான் ஆகும். அதற்கான சட்டம் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆம், மலைக்கு ரயில் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. தேயிலை அல்ல, கோப்பி பயிரிட்ட காலம் அது. அந்தக் காலத்து வியாபாரிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இதற்குப் பதிலாகப் புதிய சட்டமொன்றைக் கொண்டுவரும் முயற்சி சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆகவே மனுப் போட நினைக்கிறவர்கள் அன்றைக்கு எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மனு எப்படி நடக்கும்?

கடன் கொடுத்தவரும் போடலாம், கடன்பட்டவரே போய்த் தன்னைத் தானே அறிவிக்கச் சொல்லியும் கேட்கலாம். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். சொத்தைப் பொறுப்பேற்க ஒருவர் நியமிக்கப்படுவார். அதன் பிறகு அந்தச் சொத்து உங்கள் கையில் இல்லை. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்து தங்கள் கணக்கை நிரூபிப்பார்கள். நீங்கள் பகிரங்க அமர்வில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வீர்கள். சொத்தை விற்று வந்த பணம் அவர்களுக்குள் விகிதப்படி பகிரப்படும். கடைசியில் நீதிமன்றம் உங்களுக்கு ஒரு சான்றிதழ் தரும். அதுதான் பழைய கடன்களிலிருந்து விடுதலை.

அந்தச் சான்றிதழில் மூன்று வகுப்புகள் இருக்கின்றன. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதல் வகுப்பு. நட்டமும் ஓரளவு அவருடைய கவனக்குறைவும் சேர்ந்திருந்தால் இரண்டாவது. முழுவதும் தன் நடத்தையால் விழுந்தவருக்கு மூன்றாவது. மோசடி செய்தவருக்கும் சொத்தை ஒளித்தவருக்கும் சான்றிதழ் மறுக்கப்படலாம். மனுப் போடுவதற்கு முன் காணியை மச்சான் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஒரு கையெழுத்து மனு முழுவதையும் கெடுத்துவிடும்.

தோட்டத்தில் வேலை செய்கிற நான் இந்த மனுவைப் போட்டால் நல்லதா?

போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் லயத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ ஒருபோதும் சரியான வழி அல்ல. காரணம் நேரானது. இந்தச் சட்டம் சொத்தைக் கொடுத்து விடுதலை வாங்குவது. விற்றுப் பகிர்வதற்குச் சொத்தே இல்லாதவருக்கு இதனால் கிடைப்பது மிகக் குறைவு. செலவும் அலைச்சலும் மிக அதிகம். நாட்டிலேயே மிக அரிதாகத்தான் இந்த மனுக்கள் வருகின்றன.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், பல இடங்களில் கடன்பட்டு, கொஞ்சம் சொத்தும் உள்ளவருக்கு. கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிய வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, விளைச்சல் விழுந்தது, அடுத்த வருடம் டீசல் கிடைக்கவில்லை. லொறிக்கு ஒரு கடன், கடைக்கு ஒரு கடன், தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வாசலில். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் வழக்குப் போடுவார். அவருக்கு எல்லோரையும் ஒரே நீதிமன்றத்தில் உட்கார வைப்பது நன்மை தரலாம். விலையும் உண்டு: வங்குரோத்தாகி இன்னும் விடுவிக்கப்படாதவர் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது, கம்பனியொன்றில் பணிப்பாளராக இருக்க முடியாது, புதிய கடன் எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இப்படிப்பட்டவர் சட்டத்தரணி இல்லாமல் ஓரடியும் வைக்கக் கூடாது.

கடன் கட்டாவிட்டால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுமா?

நாளுக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி இது. கடன் வாங்கித் தவணை கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. அது சிவில் விடயம். கடன் சேகரிக்க வருகிறவர் “பொலிஸில் சொல்லி உள்ளே போடுவேன்” என்று சொன்னால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் சனத்துக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். பாட்டன் பூட்டன் இந்தக் கரைக்கு வந்ததே முன்பணக் கடனோடு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் எவ்வளவு கடன் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய இடத்தில் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் நகரலாம். கடன் ஆளின் உடம்போடு கட்டப்பட்டிருந்தது. 1921 இல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கடந்தும் அந்த நடுக்கம் மட்டும் லயத்தில் தங்கிவிட்டது போலத் தோன்றுகிறது.

ஆனால் சில இடங்களில் கவனம் தேவை. வங்கியில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது குற்றம். கடனுக்குப் பிணையாக வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: கடன் கொடுத்தவர் தனக்கு வேண்டிய தொகையையும் திகதியையும் நிரப்பி வங்கியில் போட்டுவிடுவார். பொய்யான ஆவணம் காட்டிக் கடன் எடுத்தாலும், பிள்ளைக்கும் மனைவிக்கும் கட்ட வேண்டிய தாபரிப்புப் பணத்தைக் கட்டாமல் விட்டாலும் விடயம் குற்றப் பக்கம் போகலாம். பொலிஸிலிருந்து உண்மையாகவே அழைப்பு வந்தால் போகாமல் இருக்காதீர்கள். ஒரு சட்டத்தரணியோடு போங்கள்.

என்னிடமிருந்து எதையெல்லாம் எடுக்க முடியும்?

முதலில் எடுக்க முடியாதவை. லய அறை உங்கள் சொத்து அல்ல. தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தம்; 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. உங்களுக்குச் சொந்தமில்லாத அறையை உங்கள் கடனுக்காக ஏலம் விட முடியாது. இருநூறு வருடம் காணியில்லாமல் இருந்த அநியாயத்தில் கிடைத்த ஒரே ஒரு பாதுகாப்பு இது. சொல்லும்போதே நெஞ்சு வலிக்கிறது.

தீர்ப்பு வந்த பிறகும் கைவைக்க முடியாத சிலவற்றைச் சிவில் நடவடிக்கை முறைக் கோவை பட்டியலிடுகிறது: உடுதுணி, படுக்கை, தொழில் செய்யும் கருவிகள், தொழிலாளியின் கூலி. தையல் மெசினை வைத்துப் பிழைக்கிற பெண்ணிடமிருந்து அந்த மெசினை எடுக்க வந்தால், அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர் உங்கள் சட்டத்தரணி. ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பணத்தையும் கடன் கொடுத்தவர் பறிமுதல் செய்ய முடியாது. சேமலாப நிதியைக் காட்டி வீட்டுக்கடன் எடுத்திருந்தால் அது வேறு. அதில் நீங்களே அந்தப் பணத்தைப் பிணையாக வைத்திருக்கிறீர்கள்.

சட்டம் தடுப்பதை நாமே கையால் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் துயரம். ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சம்பள நாளன்று அவர் எடுத்தது போக மிச்சத்தை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போகிற தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறேன். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானபோது அந்த உயர்வு நேராக வட்டிக்காரரிடம் போன வீடுகள் இருக்கின்றன. அட்டை உங்களுடையது. வங்கிக்குப் போய் அதை நிறுத்திவிட்டுப் புதியது கேட்கலாம். அதற்கு வழக்கும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம்.

எடுக்கக்கூடியவை: ஈடுவைத்த காணி, அடகு வைத்த நகை, லீசிங் முச்சக்கர வண்டி. லீசிங் முடியும் வரை வண்டி கம்பனிக்குச் சொந்தம். வண்டியை எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விற்ற விலை போக மிச்சக் கடனுக்கு வழக்கு வரலாம். பெரிய தொகைக்கு வங்கியில் காணி ஈடுவைத்திருந்தால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. பராட்டே என்று பத்திரிகையில் வருவது அதுதான். ஏல அறிவித்தல் வந்த அன்றே சட்டத்தரணியைப் பாருங்கள்.

மீட்டர் வட்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

செய்ய முடியும். இந்த இடத்தில் பழைய சட்டங்கள் ஏழைகளின் பக்கம் நிற்கின்றன. யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. முதல் மாத வட்டி 5,000 ரூபாவைப் பிடித்துக்கொண்டு 45,000 ரூபாவைக் கையில் தருகிறார். வாக்குறுதிச் சீட்டில், அதாவது புரோநோட்டில், 50,000 என்று எழுதப்படுகிறது. சில வேளை தொகையே எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது. ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 60,000 ரூபா.

1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர் வாங்கும் சீட்டில் உண்மையாகக் கொடுத்த முதல், முன்கூட்டிப் பிடித்த வட்டி, வட்டி விகிதம் ஆகிய மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சீட்டை வைத்து வழக்கில் வெல்வது அவருக்குக் கடினம். தொகை எழுதாத வெற்றுச் சீட்டையோ, பொய்த் தொகை எழுதிய சீட்டையோ தெரிந்தே பிணையாக வாங்குவது குற்றம். வட்டி கொடூரமானது என்று நீதிமன்றம் கண்டால் முழுக் கணக்கையும் மறுபடி திறந்து பார்க்கலாம். அதோடு, நிலுவையாக நிற்கும் வட்டி முதலை விஞ்சக் கூடாது என்ற விதி 1852 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

இவை எதுவும் தானாக நடக்காது. நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்து, சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிய கூற்று, மூலம் எடுத்துச் சொன்னால்தான் நீதிபதிக்குத் தெரியும். அதனால்தான் புரோநோட்டு வழக்கில் சட்டத்தரணி வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். வட்டிக்காரர் பற்றுச்சீட்டு தரமாட்டார். வங்கி மூலமோ, இன்னொருவரைச் சாட்சி வைத்துக்கொண்டோ கொடுங்கள்.

கடனுக்காகக் காணியை எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்து, உறுதிப் பத்திரமும் கைக்கு வந்தவர்கள் இந்தக் கேள்வியோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஈடு எழுதுவது ஒன்று. அறுதி உறுதி எழுதுவது முற்றிலும் வேறொன்று. அறுதியாக எழுதினால் விற்றதாகவே அர்த்தம். “பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்” என்ற வாய்ப்பேச்சை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு, 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்காட இடமிருக்கிறது. வருடக் கணக்கில் இழுபடும் வழக்கு அது. உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் பேனாவை எடுப்பதற்கு முன், அவரல்லாத வேறொரு சட்டத்தரணியிடம் அந்த உறுதியை வாசிக்கக் கொடுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

தனியாரிடம் காணியை ஈடு வைத்திருந்தாலோ, நிபந்தனையோடு மாற்றிக் கொடுத்திருந்தாலோ கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அமைந்த சபை அது. நீதி அமைச்சின் கீழ் இயங்குகிறது. இரு தரப்பையும் அழைத்துத் தவணை முறையில் கட்ட ஒழுங்கு செய்வார்கள். மீட்பதற்குக் கொடுத்த காலம் முடிவதற்குள் போக வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

குழுக்கடனில் பக்கத்து வீட்டு அக்கா கட்டவில்லை. நான் கட்ட வேண்டுமா?

நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. பிணையாளியாகக் கையெழுத்திட்டிருந்தால் சட்டப்படி பொறுப்பு உண்டு. பிறகு அந்தப் பணத்தை அவரிடம் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கையெழுத்தே இடாமல் ஒரே குழுவில் உட்கார்ந்திருந்த காரணத்துக்காக மட்டும் கட்டச் சொன்னால், “என் கையெழுத்துள்ள ஒப்பந்தப் பிரதியைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். கூட்டம் முடியும் வரை பெண்களை வீட்டுக்குப் போக விடாமல் உட்கார வைப்பதும், இருட்டிய பிறகு வாசலில் நின்று சத்தம் போடுவதும், கணவன் வெளியூரில் இருக்கும் பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுவதும் சேகரிப்பு வேலை அல்ல. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் விடய நிபுணரும் பெண்கள் மீதான இந்த நெருக்குதல்களைப் பற்றிப் பேசினார். மிரட்டலும் பாலியல் தொல்லையும் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை பொலிஸுக்குப் போகிறவர் நீங்கள்.

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தால், 2023 இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் மத்திய வங்கிக்கே முறையிடலாம். தொலைபேசி 1935. அனுமதி இல்லாத இடமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஐந்து பாஸ் புத்தகங்களோடு வந்த ஒரு தங்கச்சியின் கணக்கைப் பார்த்தபோது, முதல் கடனைத் தவிர மற்ற நான்கும் அதற்கு முந்தையதைக் கட்ட எடுத்தவையாக இருந்தன.

கணவர் இறந்துவிட்டார். அவருடைய கடன் என் தலையிலா?

நீங்கள் சேர்ந்து கையெழுத்திடவோ பிணை நிற்கவோ இல்லையென்றால், அது அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே. அவருக்குச் சொத்தில்லை என்றால் உங்கள் சம்பளத்தில் கேட்க முடியாது. பிள்ளைகளிடமும் கேட்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை பற்றி யாராவது சொல்லிக் குழப்பினால், அது மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. செத்த வீட்டுக்கு வந்து “நீங்கள் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். கடனுக்குக் காப்புறுதி பிடித்திருந்தார்களா என்று கேளுங்கள். பல கடன்களில் பிடித்திருப்பார்கள், கடன்பட்டவர் இறந்தால் மிச்சத்தை அது அடைக்கும்.

பழைய கடனுக்குக் காலம் கடந்துவிடுமா?

கடக்கும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி கடைப்பற்றுக்கு ஒரு வருடம், எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று, புரோநோட்டு போன்ற எழுத்துக் கடனுக்கு ஆறு, ஈட்டுக்குப் பத்து வருடம். நடுவில் கொஞ்சம் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காலம் கடந்ததை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊர்க்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை இந்தக் காரணம் காட்டி மறுப்பது பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. கஷ்ட காலத்தில் அரிசி தந்தவர் அவர்.

மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது?

போங்கள். பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்க 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைகள் இவை. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கு அங்கே போகாமல் நீதிமன்றம் வர முடியாது. பெரும்பாலும் வார இறுதியில் கூடும். தமிழில் பேசலாம். அங்கே சட்டத்தரணி ஆஜராவதில்லை. மாதம் உண்மையாகவே எவ்வளவு கட்ட முடியும் என்பதை வீட்டில் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே ஒப்புக்கொண்டு பிறகு தவறுவதைவிடக் குறைவாக ஒப்புக்கொள்வது மேல்.

அப்படியானால் சட்டத்தரணி எப்போது வேண்டும்?

சேகரிப்பாளர் தொலைபேசியில் சத்தம் போடுவதற்கு வேண்டாம். நிறுவனத்தோடு தவணையைக் குறைக்கப் பேசுவதற்கும் பெரும்பாலும் வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் ஒருமுறை போய்க் காட்டுவது நல்லது, பதில் எழுதாமல் விட்டதே பிறகு உங்களுக்கு எதிராகச் சொல்லப்படலாம்.

நீதிமன்ற முத்திரை உள்ள கடதாசி வந்தால் அன்றே வேண்டும். ஏன் அன்றே என்றால், வங்கியும் நிதி நிறுவனமும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே நீதிமன்றம் நிபந்தனையோடு ஒரு தீர்ப்பாணையை வழங்கிவிடும். குறித்த திகதியில் வந்து, வழக்காட அனுமதி தாருங்கள் என்று சத்தியக்கடதாசியோடு கேட்டால்தான் உங்களுக்கு வாய் உண்டு. வராவிட்டால் அதுவே முடிவான தீர்ப்பாணை ஆகிவிடும். புரோநோட்டு, காசோலை வழக்குகளிலும் இதே போல அனுமதி கேட்க வேண்டிய சுருக்க முறை இருக்கிறது. சாதாரண வழக்கில்கூட முதல் திகதி மிகப் பெரியது. சமாதான நீதவானிடம் போய் நாமே ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அவர் கையொப்பத்தை உறுதிப்படுத்துவார், வாதத்தை எழுத மாட்டார்.

கடதாசி சிங்களத்தில் இருக்கிறது என்று வைத்துவிடாதீர்கள். தமிழும் நீதிமன்ற மொழி. மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் கேட்கும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது.

திகதி தவறிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

தலவாக்கலை அம்மாவின் கதை இங்கேதான். அவருடையது சாதாரண சிவில் வழக்கு. அவர் வராததால் ஒருபக்க விசாரணையில் தீர்ப்பாணை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது அவர் கையில் இன்னும் சேர்ப்பிக்கப்படவில்லை. சேர்ப்பித்ததிலிருந்து பதினான்கு நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணத்தைக் காட்டித் தீர்ப்பாணையை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்குத் திகதியன்று அவர் பேரப்பிள்ளையோடு ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி அட்டையைத் தேடி எடுத்து வரச் சொன்னோம். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் பிடித்து, திகதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தீர்ப்பாணை நீக்கப்பட்டது. கட்டிய பணம் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதையும் அதன் பிறகுதான் சொல்ல முடிந்தது. கடைசியில் பாதிக்கும் குறைந்த தொகைக்கு, மாதத் தவணையில் சமரசமாக முடிந்தது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை.

சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற நகரங்களில் நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசுவார்கள். ஆலோசனை கேட்க யாரும் போகலாம். கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் ஒரு பஸ் பயணம் மிச்சமாகும்.

தனியார் சட்டத்தரணியிடம் போனால் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள்: வழக்கு முழுவதற்குமா, ஒவ்வொரு திகதிக்குமா என்று. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பற்றுச்சீட்டு வாங்குங்கள். உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் பத்திரமான புரொக்சியில் கையெழுத்திடும்போது வழக்கிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்ற வாசலில் நின்று “எனக்குத் தெரிந்த ஐயா இருக்கிறார்” என்று கையைப் பிடிக்கிற தரகரோடு போகாதீர்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

அடையாள அட்டை, வந்த எல்லாக் கடதாசிகளும் அவை வந்த உறைகளோடு, கடன் ஒப்பந்தம் இருந்தால் அது, பாஸ் புத்தகம், பற்றுச்சீட்டுகள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை. கடன்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள், சீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் சகோதரனிடம் கைமாற்றாக வாங்கியதும் உட்பட. ஒன்றை மறைத்தால் நாங்கள் போடும் கணக்கு பிழைத்துவிடும். கடனைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது என்று சொல்கிறவர்கள் அதிகம். சட்டத்தரணி வெளியே சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

இரவில் தூக்கமில்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது.

1926 க்கு அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, தமிழில் பேசலாம். பக்கத்து அறையில் இருக்கிறவரை எழுப்பி, இப்படித் தோன்றுகிறது என்று சொல்லுங்கள். விடிந்ததும் அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு வாருங்கள். மடித்தபடியே கொண்டுவாருங்கள், பிரித்து வாசிப்பதை நாங்கள் செய்கிறோம்.